மாப்பிள்ளைத் தோழன்

மகள் நித்தியா கைப்பேசியை நீட்டியபோது புவனேசன் தோசையின் கடைசித் துண்டைச் சட்னியில் தொட்டுக்கொண்டிருந்தார். படத்தில் அவள் கட்டிக்கொள்ள விரும்பிய பையன் நடுவில் நின்றான். இரு பக்கமும் அவனைப் பெற்றவர்கள். பையனை அவர் சரியாகப் பார்க்கவே இல்லை. தகப்பனின் முகத்தில் கண் பட்டதும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த தழும்பு. முப்பத்தெட்டு வருடம் முகத்தில் சதை போட்டிருந்தது, தலை நரைத்திருந்தது. தழும்பு மட்டும் போட்டது போட்டபடி இருந்தது.

"இவன் பேரு என்ன?" என்று கேட்டார்.

மகேந்திரன் என்றாள் நித்தியா. சுங்கை ஆயர் தாவாரில் வீடு, செம்பனை எண்ணெய் ஆலையில் எடை பார்க்கும் வேலை, அடுத்த வருடம் ஓய்வு. பையன் யுவனேஸ்வரன் ஒரே பிள்ளை. ரவாங்கில் அவளுடைய தொழிற்சாலையிலேயே வேலை செய்கிறான். சொல்லிக்கொண்டே வந்தவள் அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். அவர் கைகூடக் கழுவாமல் எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்தார்.

அந்த அலமாரிதான் புவனேசனின் வாழ்க்கை. எண்பத்திரண்டாம் ஆண்டு கோலசிலாங்கூரில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகச் சேர்ந்தவர். பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போவார். வெட்டு, குத்து, விபத்து, நீரில் மூழ்கியவர்கள் என்று எது நடந்தாலும் போலீஸ்காரர் போனதற்கு அடுத்தபடி தொழிலாளர் லயத்து வாசலில் நிற்பது புவனேசன்தான். செத்தவனின் படத்தை அந்த வீட்டாரிடமே கேட்டு வாங்கிவிடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. படமில்லாத செய்தி உப்பில்லாத கஞ்சி என்பது அவருடைய ஆசிரியர் சொல்லிக் கொடுத்த பாடம். ஆறே வருடத்தில் தலைமையகத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். குற்றச் செய்தி என்றால் புவனேசன் என்று ஆனது. ஓய்வு பெற்ற பிறகு பழைய வழக்குகளைப் புத்தகமாக எழுதினார். ஏழு புத்தகம். அவற்றுள் 'ஏழாம் நிரை' மூன்று பதிப்புக் கண்டது. எண்பத்தாறில் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீரன் ஏழாம் நிரை ரப்பர் மரத்தடியில் வெட்டுப்பட்டுக் கிடந்த வழக்கு அது.

அலமாரியில் நாற்பத்தொரு நோட்டுப் புத்தகங்கள். அவர் பெயரோடு வந்த ஒவ்வொரு செய்தியையும் வெட்டி, மைதா மாவுப் பசை காய்ச்சி ஒட்டி, தேதி எழுதி வைத்திருந்தார். பெயர் போடாத செய்தியை ஒட்டமாட்டார். அதை அநாதைப் பிணம் என்பார்.

அந்த நோட்டுகளுக்கு ஊரில் இன்னொரு பயனும் இருந்தது. ரவாங்கிலிருந்து சபாக் பெர்ணம் வரை சம்பந்தம் பேசுகிறவர்கள் ஜாதகம் பார்த்த கையோடு புவனேசனுக்கும் ஒரு போன் போட்டுவிடுவார்கள். அவர் தோட்டத்தின் பெயரைக் கேட்பார், குடும்பத்தின் பெயரைக் கேட்பார், நோட்டைப் புரட்டுவார். "எதுக்கும் பாத்துச் செய்யுங்க" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எடுத்து வைத்த தாம்பூலம் திரும்பிப் போய்விடும். அப்படித் திரும்பியது எத்தனை என்று அவர் எண்ணியதில்லை. நாலு தலைமுறையாகப் போலீஸ் நிலையத்துப் படி மிதிக்காத குடும்பம் தங்களுடையது என்பதில் அவருக்கு அடங்காத பெருமை. மற்ற குடும்பங்களும் அந்தச் சுத்தத்தை எதிர்பார்ப்பது நியாயம்தானே என்பது அவர் எண்ணம்.

'ஏழாம் நிரை'யின் எண்பத்து நாலாம் பக்கத்தை விரித்து நித்தியாவின் முன் வைத்தார். தலைப்பாகையும் மாலையுமாக ஓர் இளைஞனின் முகம். இடது புருவம் இரண்டாகப் பிளந்திருந்தது. கீழே, 'கொலையாளி சசிகுமார்' என்றிருந்தது.

நித்தியா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "பேரு வேறலா அப்பா" என்றாள்.

அதற்கும் அவரிடம் விடை தயாராக இருந்தது. கோபத்தில் செய்த கொலை என்று நீதிமன்றம் சசிகுமாருக்கு ஏழு வருடம் கொடுத்தது. நன்னடத்தைக் கழிவு போகத் தொண்ணூற்றொன்றில் வெளியே வந்திருப்பான். யாருக்கும் தெரியாத ஊருக்குப் போய், பெயரை மாற்றி, கல்யாணம் செய்திருப்பான். பையன் பிறந்தது தொண்ணூற்று மூன்றில். எல்லாம் விரல் மடக்கினாற்போலப் பொருந்தியது. முப்பது வருடம் குற்றவாளிகளோடு குப்பை கொட்டியவரின் மூளை அது, தப்பாகுமா? இந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் பையனுக்கு அனுப்பு என்றார். அந்த வீட்டில் பெண் கொடுத்தால் மணவறையில் தகப்பன் என்று தான் வந்து நிற்கப் போவதில்லை என்பதையும் சொல்லி முடித்தார்.

அவர் மனைவி இராஜம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்த மனுசன நேர்ல பாத்து ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள்.

"கேக்க என்ன இருக்கு? அச்சுல இருக்குது."

நித்தியா படத்தை அனுப்பினாள். பதில் வரவில்லை. நாலு நாள் அவள் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் புக்கிட் செந்தோசாவில் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. இறங்கியவரின் புருவத்தைக் கண்டதும் யாரென்று புவனேசனுக்குத் தெரிந்துவிட்டது. கொலைகாரர்களைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியவர்தான். ஒருவன் தன் வீட்டு இரும்புக் கதவைத் தட்டி, "அண்ணே, உள்ள வரலாங்களா?" என்று பணிவாகக் கேட்பான் என்று அவர் எதிர்பார்த்ததில்லை.

மகேந்திரன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இராஜம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் குடிக்கிறேன் தங்கச்சி என்று சொல்லி டம்ளரை மேசையின் நடுவுக்கு நகர்த்தி வைத்தார். அந்த நகர்த்தலின் பொருள் வீட்டில் எல்லாருக்கும் புரிந்தது.

"நான் சம்பந்தம் பேச வரல" என்றார் மகேந்திரன். "அந்தப் படத்தப் பத்திச் சொல்லத்தான் வந்தேன். அது நான்தான். ஆனா சசி நானில்ல. சசி வெளிய வந்து, ஈப்போவுல இருந்து, செத்தும் போயிட்டான்."

புவனேசன் சிரித்தார். இப்படிச் சொன்னவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்கிற சிரிப்பு. அந்தப் படத்தை மண்டோர் வீரனின் வீட்டுச் சுவரிலிருந்து தன் கையால் கழற்றியதாகச் சொன்னார். வீரனின் கல்யாணப் படம் அது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தலைப்பாகையும் மாலையுமாக நிற்பவன் மாப்பிள்ளைத் தோழன். தோழனாக நிற்பது பெண்ணோடு பிறந்தவன். வீரனை வெட்டியதும் பெண்ணோடு பிறந்தவன். இதில் சந்தேகத்துக்கு இடம் எங்கே?

"அங்க யாரையாச்சும் கேட்டீங்களா?" என்றார் மகேந்திரன்.

கேட்கவில்லை. பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். தமிழர் கல்யாணத்தில் எவன் எங்கே நிற்பான் என்பது தெரியாதவன்தான் கேட்பான். புவனேசன் அப்படியே சொன்னார். குரலில் இன்னும் விறைப்பு இருந்தது.

மகேந்திரன் தலையை ஆட்டினார். பிறகு நடந்ததைச் சொன்னார். சசிகுமாருக்கு அந்தக் கல்யாணமே பிடிக்கவில்லை. வீரன் குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவன், தங்கச்சியை அவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று சண்டை போட்டான். யாரும் கேட்கவில்லை. தாலி கட்டும் அன்று தோழனாக நிற்க மாட்டேன் என்று வீம்பு பிடித்துத் தோட்டத்தை விட்டே போய்விட்டான். மாப்பிள்ளை பக்கத்தில் ஆளில்லாமல் நின்றால் சபைக்கு ஆகாது. அடுத்த வீடு மகேந்திரனின் வீடு. அவருடைய அம்மா வள்ளியம்மாதான், நல்ல காரியம், நம்ம பிள்ளை போய் நிற்கட்டும் என்று சொல்லி மகனைத் தலைவாரி அனுப்பி வைத்தாள். அன்று நிற்காமல் போனவன்தான் ரெண்டு வருடம் கழித்து அரிவாளோடு வந்தான்.

ஏழாம் நிரைக் கொலைக்கு வேரே அந்தக் கல்யாணத்தில்தான் இருந்திருக்கிறது. இருநூறு பக்கம் எழுதியும் அது புவனேசனுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. வழக்கு கோலாலம்பூரில் நடந்தபோது தலைமையக நிருபர்தான் போனார். சசிகுமாரின் உண்மை முகத்தை இவர் ஒருநாளும் கண்டதில்லை. அது இப்போதுதான் அவருக்கே உறைத்தது. ஆனாலும் மனம் ஒரு கடைசிக் கொம்பைப் பிடித்துக்கொண்டது. ஆதாரம் வேண்டும் என்றார்.

மகேந்திரன் சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்தார். உள்ளே பழுப்பேறிய பத்திரிகைத் துண்டு. மேலே 'திருத்தம்' என்று போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை இதழில் கொலைச் சந்தேகப் பேர்வழி என வெளிவந்த படம் அதே தோட்டத்தைச் சேர்ந்த மகேந்திரன் என்பவருடையது, அவருக்கும் கொலைக்கும் தொடர்பில்லை, தவற்றுக்கு வருந்துகிறோம். மூன்றே வரி.

படித்ததும் ஒரு தொலைபேசி மணி புவனேசனின் தலைக்குள் அடித்தது. ஆசிரியரின் குரல். தோட்டத்து அலுவலகக் கிராணி போன் பண்ணித் திட்டுகிறார், படம் மாறிப்போச்சாம், நாளைக்குத் திருத்தம் போடுகிறோம், நீ அந்தப் பையனை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா. போகிறேன் சார் என்று சொன்னது அவருடைய குரலேதான். மறுநாள் செகிஞ்சானில் ஒரு படகு கவிழ்ந்தது. அங்கே போனார். பிறகு போகவே இல்லை.

அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவரை அறைந்தது. திருத்தத்தில் அவர் பெயர் இல்லை. பெயர் இல்லாததை நோட்டில் ஒட்டவில்லை. நோட்டில் இல்லாதது நாளடைவில் நடக்காததாகவே ஆகிவிட்டது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் புத்தகம் எழுதினார்.

"மன்னிச்சிருங்க" என்று முனகினார். அந்த வீட்டில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

மகேந்திரன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "திருப்பிப் பாருங்க" என்றார்.

பிளாஸ்டிக்கின் மறுபக்கமும் தெளிவாகத் தெரிந்தது. திருத்தம் ஆறாம் பக்கத்தில் வந்தது. அதே தாளின் ஐந்தாம் பக்கத்தில், அதன் நேர் முதுகில், வேறொரு சின்னச் செய்தி. புவனேசனுக்கு எழுத்துகள் ஆடின. கண்ணாடியைத் தேடினார். அதற்குள் நித்தியா குனிந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

"தோட்ட மாதின் சடலம். கோலசிலாங்கூர், புதன். இங்குள்ள தோட்டமொன்றில் வள்ளியம்மா, வயது ஐம்பத்திரண்டு, என்ற மாது இன்று காலை வாய்க்காலில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். குடும்பப் பிரச்சினை காரணமாக இருக்கலாம் என நம்பப்படுகிறது." அவள் நிறுத்தினாள். கடைசி வார்த்தை ஒன்று பாக்கி இருந்தது. அதையும் படித்தாள். "புவனேசன்."

பக்கத்து வீட்டில் யாரோ குழம்பு தாளித்தார்கள். கடுகு வெடிக்கிற ஓசைகூடக் கேட்டது.

மகேந்திரன் தரையைப் பார்த்தபடியே சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் தோட்டத்து லோரியோடு கிள்ளானுக்குப் போயிருந்தார். பேப்பர் கடைக்கு வந்ததும் ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு வள்ளியம்மாவிடம் ஓடினார்கள். மகனைப் போலீஸ் பிடித்துவிட்டது, தூக்குத்தான் என்றார்கள். சசிகுமார் என்ற பெயரை யார் பார்த்தார்கள்? படத்தைத்தான் பார்த்தார்கள். நான்தானே போய் நில்லுன்னு அனுப்பினேன் என்று அவள் பொழுதுக்கும் புலம்பிக்கொண்டிருந்ததாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். புதன்கிழமை மாலை மகேந்திரன் லோரியை விட்டு இறங்கியபோது லயத்து வாசலில் கூட்டம் நின்றது.

"குடும்பப் பிரச்சினைன்னு எழுதிருக்கீங்க. எங்க வீட்ல ரெண்டே பேருதான். அம்மாவும் நானும். என்ன பிரச்சின அண்ணே? நீங்க வந்து பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. கிராணி போனில் சொன்னார், ஏன் என்று இவர் கேட்கவில்லை. தோட்டத்தில் பெண் செத்தால் எழுதுகிற வரி அது. அவர் கை அதை நூறு முறை எழுதியிருக்கும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு வீட்டின் தலையில் போய் விழுந்திருக்கும் என்ற நினைப்பு அந்த நிமிடம்தான் முதல்முறையாக வந்தது. புவனேசனின் முதுகுத்தண்டு நாற்காலியில் அழுந்தியது. எழுபது வயதை நெருங்கியும் கூனாத முதுகு அது.

பையனிடம் பாட்டி காய்ச்சலில் போனதாகத்தான் சொல்லி வைத்திருந்தாராம் மகேந்திரன். எண்பத்து நாலாம் பக்கம் கைப்பேசியில் வந்து விழுந்த பிறகு எல்லாவற்றையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. இதைச் சொல்லிவிட்டு எழுந்தார். பிளாஸ்டிக் துண்டைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தது.

கார் போன பிறகு புவனேசன் எண்பத்தாறாம் ஆண்டு நோட்டை எடுத்தார். அந்தச் செய்தி இருந்தது. அவர் பெயரோடு வந்ததாயிற்றே, நாலு வரியானாலும் ஒட்டியிருந்தார். நோட்டுத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பசை பாய்ந்த தாளுக்குப் பின்னால் மங்கலாக, இடவலம் மாறிய கண்ணாடி எழுத்தில், 'திருத்தம்' தெரிந்தது. முப்பத்தெட்டு வருடமாக அவருடைய அலமாரியிலேயே குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறது. அதை ஒட்டியவர் அவரேதான்.

இராஜம்மா அருகில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் திட்டவில்லை. "நம்ம பேச்சக் கேட்டு எத்தன சம்பந்தம் நின்னுச்சுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே பதிப்பகத்துக்குப் போன் செய்து 'ஏழாம் நிரை' விற்பனையை நிறுத்தச் சொன்னார். அதோடு தீரவில்லை. அவர் அக்காள் திலகத்துக்கு விஷயம் எட்டியது. தம்பி, புத்தகத்தைப் பேசாமல் நிறுத்திவிடு, ஒரு பயலுக்கும் தெரியப் போவதில்லை, நம் குடும்பப் பெயரைச் சந்திக்கு இழுக்காதே என்று அரை மணி நேரம் ஓதினாள். போன வாரம் வரை இவரும் வேறு யாருக்காவது அப்படித்தான் சொல்லியிருப்பார். எதிர்த்துப் பேசவில்லை, கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டையோடு சுங்கை ஆயர் தாவாருக்குக் கிளம்பினார். பெண்ணைப் பெற்றவன் முதலில் பையன் வீட்டு வாசலில் போய் நிற்பதா என்று அவர் வம்சத்தில் யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். நித்தியாதான் காரை ஓட்டினாள். தஞ்சோங் காராங் தாண்டும்வரை வயல்வெளியைப் பார்த்தபடி வந்தவர், "நீ பேசாத. நான் பேசிக்கிறேன்" என்றார். அவள் சரி என்றாள்.

மகேந்திரன் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். யுவனேஸ்வரன் சுவரோரமாக நின்றான். புவனேசன் தான் வந்த காரணத்தைச் சொன்னார். வள்ளியம்மாவின் திதிக்கு அதே நாளிதழில் நினைவஞ்சலி போடப் போகிறார். நடந்த தவற்றை முழுதாக எழுதி, அடியில் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் போடுவார். அதற்கு அம்மாவின் படம் ஒன்று வேண்டும்.

படம் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. மகேந்திரன் அதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"எழுதுங்க. வேணாங்கல. ஆனா அம்மாவுக்கு இருக்கிறது இந்த ஒரு படம். இத உங்க கையில தர மாட்டேன்."

எத்தனை இழவு வீட்டில் எத்தனை படம் கழற்றிய கை. புவனேசன் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டார். ஞாயம்தான் என்றார்.

போகும்போது வாசல்வரை வந்த மகேந்திரன், பிள்ளைகள் காரியத்துக்குத் தான் குறுக்கே நிற்கப் போவதில்லை என்று சொன்னார். பிறகு நித்தியாவைக் காட்டி, "இதுக்கு அண்ணன் தம்பி இல்லேல்ல?" என்று கேட்டார்.

இல்லை என்றார் புவனேசன்.

"அப்போ தோழனா யாரோ ஒருத்தன் பெத்த புள்ளதான் வந்து நிக்கும். படம் எடுத்தீங்கன்னா, நிக்கிறவன் பேர அடியில எழுதி வச்சுருங்க அண்ணே. கேட்டு எழுதுங்க."

யுவனேஸ்வரனுக்கு வாய் ஓரத்தில் சிரிப்பு வந்தது. அவன் அப்பா சிரிக்கவில்லை.

நினைவஞ்சலி வந்தது. மற்ற அஞ்சலிகளில் எல்லாம் மாலை போட்ட முகங்கள். இதில் படம் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. அதன் கீழே, தானே விசாரியாமல் வேறொருவர் படத்தைக் கொலையாளி என்று வெளியிட்டதும், அந்தத் தாய் இறந்ததும், குடும்பப் பிரச்சினை என்று தான் எழுதியது பொய் என்பதும் பிசகில்லாமல் சொல்லப்பட்டிருந்தன. காலை ஏழு மணி முதல் போன் அடித்துக்கொண்டே இருந்தது. திலகம் மூன்று முறை கூப்பிட்டாள். புவனேசன் எடுக்கவில்லை.

அவர் கத்தரிக்கோலை எடுத்து அஞ்சலியை வெட்டினார். அவர் பெயரோடு வந்ததல்லவா. எண்பத்தாறாம் ஆண்டு நோட்டைத் திறந்து, வள்ளியம்மாவின் நாலு வரிச் செய்திக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தார். இராஜம்மா காய்ச்சிக் கொடுத்த பசையைத் தொட்டார். முழுதும் தடவப் போன விரல் நின்றது. மேல் விளிம்பில் மட்டும் ஒரு கோடு இழுத்து, அழுத்தி ஒட்டினார். பிறகு அடிநுனியைத் தூக்கி, முதுகில் என்ன அச்சாகியிருக்கிறது என்று படிக்கத் தொடங்கினார்.